7.5 என்றால் கடலில் எங்கே? திருவனந்தபுரத்தில் வார இறுதிகளில் நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கைகளே,

கழக்கூட்டத்தில் நாள் முழுக்க அலுவலக வேலை பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பியதும் மறுபடி மடிக்கணினியைத் திறந்து புயல் தடம் காட்டும் மென்பொருள் எழுதுகிறீர்கள். யாரும் கேட்டு எழுதவில்லை, யாரும் காசு தரப்போவதும் இல்லை. கேள்விப்பட்டதும் மனம் நிறைந்துபோனது. நானும் பல ஆண்டுகளாக அதே வேலையைச் செய்கிறவன். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உங்களுக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். சனிக்கிழமை ரயிலேறினால் பாறசாலை, குழித்துறை வழியாக வீடு. 2017 நவம்பர் 29, புதன்கிழமை, இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதாக வானிலைத் துறை அறிவித்தது. மறுநாள் விடியும் முன்பே அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகிவிட்டது. காலை 8.30 மணி நிலவரப்படி புயல். கன்னியாகுமரிக்கு 60 கிலோமீட்டர் தெற்கே, திருவனந்தபுரத்துக்கு 120 கிலோமீட்டர் தென்கிழக்கே. அப்போதுதான் அதற்கு ஒக்கி என்று பெயர் விழுந்தது. பங்களாதேஷ் கொடுத்த பெயர், வங்க மொழியில் கண் என்று பொருள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை முந்தைய நாளே வந்திருந்தது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் படகுகள் நாள் கணக்கில் முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் சின்ன வள்ளங்கள் அன்றாடம் போல இறங்கியிருந்தன. எச்சரிக்கை கரையில் நின்றது, ஆட்கள் கடலில் இருந்தார்கள்.

திரும்பாதவர்கள் நூற்றுக்கணக்கில். பூந்துறைக் கரையில் பெண்கள் நாள் கணக்காகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்து தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். நான் வாரந்தோறும் போகிற பாதை அது. அந்த டிசம்பரில்தான் எழுதத் தொடங்கினேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் படம்தான் போட்டேன். உலக வரைபடம், அதன் மேல் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடு, நகரும் சுழல். பார்க்க அழகாக இருந்தது. தூத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த, முப்பது வருடம் படகு ஓட்டிய ஒரு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒக்கியின் புள்ளியைத் தொட்டதும் 7.50, 77.50 என்று எண்கள் வந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மக்கா, இது ஏழு டிகிரி அம்பது மினிட்டா?"

"இல்ல மாமா, ஏழரை டிகிரி."

"அப்போ ஏழு முப்பதுன்னுல்லா போடணும்? எங்க ஜிபிஎஸ்ல புள்ளி போட்டா பின்னால வாறது மினிட்டாக்கும். நாங்க இத ஏழு அம்பதுன்னுதான் வாசிப்போம்."

வீடு வந்து கணக்குப் போட்டேன். 7 டிகிரி 30 மினிட்டுக்கும் 7 டிகிரி 50 மினிட்டுக்கும் இடையே 20 மினிட்டு. அட்சரேகையில் ஒரு மினிட்டு என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். ஆக, வடக்குத் தெற்காக மட்டும் 37 கிலோமீட்டர் பிழை. புயலின் மையம் கன்னியாகுமரிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கும்போது, என் மென்பொருளை நம்பி வாசிப்பவர் அதைக் கரைக்கு இன்னும் அருகே வைத்துப் பார்ப்பார். மையத்தை விட்டு விலகுவதாக நினைத்து நேராக அதற்குள்ளேயே படகைத் திருப்பவும் கூடும். நிரலில் எந்தப் பிழையும் இல்லை, எல்லாச் சோதனைகளும் தேறியிருந்தன. ஆனால் வாசிக்கப்போகிறவர் எண்ணை எப்படி வாசிப்பார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றிரவே தசமத்தை எடுத்துவிட்டு டிகிரி, மினிட்டு ஆக்கினேன். அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அந்த மாமாதான் எனக்கு அளவுகோல்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "கன்னியாகுமரிக்குத் தெக்க அறுபதுன்னு போட்டிருக்கு. நான் கன்னியாகுமரியிலயா இருக்கேன்?" அறிக்கைகள் எல்லாம் கரையோர நகரத்திலிருந்துதான் தூரம் சொல்கின்றன. படகில் இருப்பவருக்கு வேண்டியது தன் படகிலிருந்து எத்தனை மைல், எந்தப் பக்கம், கிட்டே வருகிறதா, விலகுகிறதா என்பது. உருண்டைப் பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரம் நாலைந்து வரி நிரல்தான். படகின் இடத்தைத் தட்டிக் கொடுக்க ஒரு கட்டம், விடையாக ஒரு தூரம், ஒரு திசை. உங்கள் மென்பொருளில் வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும் இருந்தாலும் போதும் என்பேன். நகரும் சுழல் பிறகு வரட்டும்.

பெயர் சூட்டிய பிறகுதான் புயலை வரைவது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உலகத் தரவுக் கோப்புகளில் பெயர் என்று ஒரு நெடுவரிசை இருப்பதால் அப்படி எழுதுவது எளிது. நம் கடலில் 34 நாட், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டர் காற்றைத் தொட்டால்தான் பெயர். அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெயருக்குக் காத்திருந்தால் உங்கள் திரையில் ஒக்கியின் முதல் புள்ளியே கன்னியாகுமரிக்கு 60 கிலோமீட்டர் தெற்கே விழும். அதற்கு முந்தைய நாள் முழுதும் திரை வெறுமையாக இருக்கும். கரைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நாள்தான். நம் தெற்குக் கோடியில், தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்தவுடனேயே உங்கள் மென்பொருள் விழித்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தையும் காற்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவெல்லாம் உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் நகரும் புயல் ஐந்தரை மணி நேரத்தில் 110 கிலோமீட்டர் போய்விடும், ஆகவே இந்தக் கூட்டலில் தவறவே கூடாது. காற்றின் வேகத்தை நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. ஹவாயிலுள்ள அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. ஒரே புயலுக்கு அமெரிக்க எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். உலகப் புயல்களையெல்லாம் தொகுத்து இலவசமாகத் தரும் ஐபிட்ராக்ஸ் கோப்பில் டெல்லியிலுள்ள நம் வானிலைத் துறைக்குத் தனி நெடுவரிசை, அமெரிக்காவுக்குத் தனி நெடுவரிசை உண்டு. இரண்டையும் ஒரே கோட்டில் கலந்துவிடாதீர்கள். கலந்தால் புயல் திடீரென வலுத்ததாகத் திரை காட்டும், நடந்திருப்பது நெடுவரிசை மாற்றம் மட்டுமே. டெல்லி எண்ணையே எடுங்கள். நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். நீங்களாக முன்கணிப்பு சொல்லாதீர்கள்.

ஆசை வரும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரித் தரவு ஒரு நாளைக்கு நான்கு முறை, உலகம் முழுமைக்கும், இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய மையமும் 2022-இல் தன் தரவில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. இதையெல்லாம் இறக்கி நாமே ஒரு கோடு நீட்டிவிடலாம் என்று தோன்றும். ஜிஎஃப்எஸ் தரவின் கட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம். கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே அப்படி மூன்று கட்டங்கள்தான் இருக்கும். அந்தத் தரவை ஆண்டுக்கணக்கில் பழகியவர்களே ஒரு பாதையை மட்டும் நம்புவதில்லை. 2020 டிசம்பரில் புரெவி நினைவிருக்கிறதா? இலங்கையைத் தாண்டி நம் தெற்குப் பக்கம் வரும் என்று ஊரே ஆயத்தமானது, டிசம்பர் 4 பகலில் இங்கே விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்கள். புயல் மன்னார் வளைகுடாவிலேயே தயங்கி நின்று வலுவிழந்தது. அன்று எச்சரித்தது தவறு என்று நான் நினைக்கவில்லை, புயல் போகக்கூடிய பரப்பைக் காட்டும் கூம்புக்குள் நாம் இருந்தோம், எச்சரித்தாக வேண்டும். ஆனால் வராத புயலுக்கு இரண்டு முறை வலையைச் சுருட்டி வைத்தவர் மூன்றாம் முறை யோசிப்பார். அந்த நம்பிக்கையைச் செலவழிக்கும் உரிமை பொழுதுபோக்காக எழுதுகிற நமக்கு இல்லை.

சட்டமும் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54. மக்களைப் பீதிக்குள்ளாக்கும் பொய் எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். பயமுறுத்தச் சொல்லவில்லை. துறையின் முன்கணிப்பை அப்படியே காட்டி, அறிவிப்பு வெளியான நேரம், வெளியிட்டவர் யார், அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் முதல் வரியிலேயே போடுங்கள். பழைய அறிவிப்பு என்றால் திரை சாம்பல் நிறமாகட்டும். கூம்பு என்பது புயலின் மையம் போகக்கூடிய பரப்பு, காற்று அதற்கு வெளியேயும் அடிக்கும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் கூம்பின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணம் பற்றியும் பேச வேண்டும். செயலிக்கு நூறு ரூபாய் வைத்தால் என்ன, விளம்பரம் போட்டால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான், இணைய வழங்கிக்கு மாதம் காசு கட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் வேண்டாம். துறை வெளியிடும் அறிக்கை பொதுமக்கள் வரிப்பணத்தில் உருவானது. டோக்கியோவில் கேமரன் பெக்காரியோ என்ற நிரலர் 2013-இல் சொந்த விருப்பத்துக்காக எழுதிய காற்று வரைபடத்தை இன்று உலகமே திறந்து பார்க்கிறது, அதன் நிரலையும் அவர் பொதுவில் வைத்தார். 2018 வெள்ளத்தில் கேரளா ரெஸ்க்யூ தளத்தைத் தன்னார்வலர்கள் இரவு பகலாக எழுதியபோதும் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்தத் திருவனந்தபுரத்தில்தான். அந்த வழக்கத்தை இந்த ஊரில் விட்டுக்கொடுப்பது முறையாகாது.

இந்த ஊருக்கு இன்னும் பழைய கடன் ஒன்று உண்டு. தும்பா. வேளி ஏரிக்கு வடக்கே மீன்பிடி கிராமம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்துதான் போனது, மேல் வளிமண்டலத்தை ஆராய. அந்த ஏவுதளத்துக்காகக் கடற்கரைக் குடும்பங்கள் வீட்டையும் மண்ணையும் விட்டுக்கொடுத்தன. புனித மகதலேனா மரியா தேவாலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமானது. காற்றை அளக்க இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் கையில் இருக்கும் போனில், அளந்த காற்று புரிகிற மொழியில் இலவசமாக வந்து சேர வேண்டும். இது தயவு என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, பட்ட கடனைத் திருப்புவது.

போனில் வந்து சேர வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கடலில் சிக்னல் ஏது? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன் வெறும் கடிகாரம். வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர் எட்டும், படகிலிருந்து படகுக்குக் கைமாறினால் இன்னும் தள்ளிப் போகும். ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழிச் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்குக் கிடைத்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம் இன்காய்ஸ், ககன் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ஜெமினி கருவியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து புளூடூத் வழியாகப் போனுக்குச் செய்தி வரும். இவை கரையிலிருந்து கடலுக்குச் சொல்லுபவை, எல்லாப் படகிலும் இருப்பவையும் இல்லை.

ஆகவே என் மென்பொருளில் நான் கடைசியாகச் சேர்த்ததும், எனக்கு மிகவும் பிடித்ததும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் வரைபடம் போய்விடும். வெள்ளைத் திரையில் பெரிய எழுத்தில் நான்கு வரி மட்டும் வரும். கரையில் இருக்கிற அக்காவோ தம்பியோ வயர்லெஸ்ஸில் வாய்விட்டு வாசிப்பதற்காக. ஒக்கியின் தரவைக் கொடுத்தால் இப்படி வரும்: "நவம்பர் முப்பது, காலை எட்டரை மணி நிலவரம். புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே முப்பத்திரண்டு மைலில். ஏழு டிகிரி முப்பது மினிட்டு வடக்கு, எழுபத்தேழு டிகிரி முப்பது மினிட்டு கிழக்கு. சொன்னது வானிலைத் துறை." எண்களை எழுத்தால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இரைச்சலில் ஏழு புள்ளி ஐந்து என்று வாசித்தால் புள்ளி காற்றோடு போய்விடும். பூந்துறையில் இதன் மலையாள வடிவத்தை ஓர் அக்கா சத்தமாக வாசித்துப் பார்த்தார், மூன்று சொற்களை மாற்றச் சொன்னார். மாற்றினேன். வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்காமல் எந்த வரியையும் வெளியிடாதீர்கள்.

அந்தக் கரைகளில் மென்பொருளுக்கு முன்பே இடம் அறியும் கலை இருந்தது. மலை முகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் பாறைக்கு மேலே வலை இறக்குவார்கள். கணிச்சம் என்பார்கள். நாம் திரையில் செய்வதும் அதே கணக்குத்தான். அவர்களிடம் சொல்லிக்கொடுக்கப் போவதாக நினைத்துப் போகாதீர்கள். கேட்கப் போங்கள்.

என்னை இரவில் தூங்க விடாதது வேறொன்று. புயல் ஆண்டுக்கணக்கில் வராது. அந்த இடைவெளியில் மென்பொருள் சத்தமில்லாமல் செத்துப்போகும். தரவு எடுக்கும் ஒரு தளம் ஒரு நாள் தன் அறிக்கையின் வடிவத்தை மாற்றிவிட்டது. தேதி இருந்த இடத்தில் வேறு எண். என் நிரல் பிழை எதுவும் சொல்லவில்லை, புயல் ஏதும் இல்லை என்று பச்சைத் திரை காட்டிக்கொண்டே இருந்தது. வேறு வேலையாகத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தேன், அதற்குள் மாதங்கள் ஓடியிருந்தன. அந்த மாதங்களில் கடலில் ஏதாவது கிளம்பியிருந்தால்? தரவு வரவில்லை என்பதும் புயல் இல்லை என்பதும் திரையில் ஒன்றுபோல் தெரியவே கூடாது. அறிக்கை புரியாவிட்டால் புரியவில்லை என்று சிவப்பில் சொல்லட்டும்.

இதை ஓர் ஆள் தாங்க முடியாது. எனக்குத் திருமணம் ஆனது, வேலை மாறியது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒவ்வொரு முறையும் மென்பொருள் மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உங்களுக்கும் வரும். நிரலைத் திறந்த உரிமத்தில் வையுங்கள், இன்னொருவர் எடுத்து நடத்தும்படி விளக்கக் குறிப்பு எழுதுங்கள், கடவுச்சொற்கள் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும். ஆளுக்கொரு புயல் செயலி எழுதி ஆறும் அரைகுறையாக நிற்பதைவிட, ஒன்றை ஆறு பேர் காவல் காப்பது கரைக்கு நல்லது. என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதுங்கள், எனக்கு வருத்தம் இராது.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நவம்பர் 29 அன்று ஒக்கியின் பழைய அறிக்கைகளை, வந்த வரிசையில், வந்த நேர இடைவெளியில், மென்பொருளுக்குள் ஊட்டுங்கள். அது நடந்துகொண்டிருப்பது போல ஓடட்டும். தாழ்வு மண்டலத்தில் விழிக்கிறதா, படகிலிருந்து தூரம் சரியாக வருகிறதா, நாலு வரித் திரை வாசிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். திரையின் மேல் "ஒத்திகை" என்று பெரிதாக எழுதிவைக்க மறக்காதீர்கள். அந்தக் கரையில் அந்தப் பெயரைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு பதறும்.

நான் இதைத் தனியாகச் செய்துவந்தேன். இந்த ஆண்டு நீங்கள் வாருங்கள். நவம்பர் 29, மாலை ஐந்து மணி, பூந்துறைக் கரை. மடிக்கணினியோடு ஒரு பழைய, விலை குறைந்த போனையும் எடுத்து வாருங்கள், வாசிக்கப்போகிறவர்கள் கையில் இருப்பது அதுதான்.

அன்புடன்,
கழக்கூட்டத்திலிருந்து உங்கள் அண்ணன்